சும்மா சாகடிக்கிற சுரங்கம்

அது மோசமான கேம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை எழுதவில்லை. செய்தவர்கள் எங்கோ பிள்ளை குட்டியோடு இருப்பார்கள்.

கப்பல் ஒன்று கொடுப்பார்கள். அதில் ஏறி வானத்தில் போக வேண்டும். எந்தக் கிரகத்திலும் இறங்கலாம். மண்ணைத் தோண்டலாம், வியாபாரம் பண்ணலாம், ஊர் கட்டலாம், சண்டை போடலாம். எல்லாம் முடியும் என்று சிடி உறையில் போட்டிருந்தது. உள்ளே போனால் எல்லாம் பாதிதான். தூண் மட்டும் எழுப்பி, கம்பி நீட்டிக்கொண்டு, சுவர் இல்லாமல் வருஷக்கணக்கில் நிற்கிற வீடு ஊருக்கு ஒன்று இருக்குமே, அந்த மாதிரி. ஆசை பெரிசு. கை பத்தவில்லை.

நான் ரிக் வண்டிக்காரன். ரிக் என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற லாரி. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு ரிக்காரன் மேல் விழும். ரிக்கோடு இன்னொரு லாரி போகும், துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடும் டீசலும் ஏற்றிக்கொண்டு. அதை ஓட்டுவது நான். ரிக்கில் லீவர் பிடிக்கிற டிரில்லர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மச்சான். வடக்கே கிளம்பினால் மாதக்கணக்கில் அங்கேதான். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்காது. அப்போது வீடு.

மழையில் ரிக்காரனுக்கு வேலை இல்லை. சீட்டாடலாம், தூங்கலாம், வீட்டில் வசவு வாங்கலாம். ரொம்ப வருஷம் முன்பு அப்படி ஒரு மழையில் அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அக்கா மகன் படிப்புக்கு. வாங்கிய கையோடு அவனை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. நாங்களும் சும்மா இருந்தோம்.

சிடி கொடுத்தது கம்ப்யூட்டர் விற்றவன். ஓசி. ஸ்பீக்கர் இரண்டையும் அக்கா கழற்றி டிவிக்கு மாட்டிக்கொண்டாள். ஊமைப் படம் பார்ப்பது போல விளையாடினோம்.

கேமில் ஆட்கள் வந்து நீளமாகப் பேசுவார்கள். கீழே இங்கிலீஷ் ஓடும். எங்கள் இங்கிலீஷ் ஊர் போர்டு வாசிக்கிற அளவு. அவர்கள் பேசி முடித்ததும் நாம் சொல்ல வேண்டிய பதில் வரிசையாக வரும். எப்போதும் முதல் பதிலையே அமுக்கினோம். ஒரு ராஜாவிடம் அமுக்கினதும் அவர் முகம் மாறியது. படை வந்தது.

"என்னத்துக்கு மாப்ளே அடிக்கறாங்க?" என்பார் மச்சான்.

"தெரியலீங்க மச்சான்."

திருப்பி அடிப்போம். இப்படியே வானத்தில் பாதிப் பேர் எங்களுக்குப் பகையாளி ஆனார்கள். என்ன சொல்லித் திட்டினோம் என்று இன்றுவரை தெரியாது.

கணக்கில்லாத கிரகம் என்று உறையில் சொன்னான். மண்ணின் நிறம்தான் வேறு. ஒன்றில் செம்மண், ஒன்றில் கரிசல், ஒன்றில் சுண்ணாம்பு. ஆட்கள் எல்லாருக்கும் ஒரே முகம். தோண்டுகிற வேலையாவது நம் வேலை என்று ஆசையாகப் போனால் அதிலும் ஏமாற்று. தூசி கிடையாது. சேறு கிடையாது. கேசிங் பைப் இறக்காமல் மண்ணில் ஓட்டுகிறான். நாளைக்கே சரியும் என்று மச்சான் தினமும் சொன்னார். சரியவே இல்லை. தண்ணீர் மட்டும் ஒரு கிரகத்திலும் கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயக்காட்டில் நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில்தான் பாயிண்ட் போடுவார்கள். தேங்காய் வைத்து நடக்க ஒரு ஆளைப் போடாமல் வானத்தில் போர் போட்டால் எப்படித் தண்ணீர் வரும் என்பது மச்சானின் கட்சி.

கடைசியில் ஒரு சிவப்புக் கிரகம். அதில் சுரங்கம். காற்று அடைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும். நடுவழியில் எங்கள் ஆள் விழுந்து செத்துப்போவான். யாரும் சுடவில்லை. எதுவும் கடிக்கவில்லை. சும்மா சாவான். மறுபடி போனால் மறுபடி சாவான். அந்த மழை முழுக்கச் செத்தோம். டூப்ளிகேட் சிடி என்று முடிவு கட்டினோம். மழை விட்டது. வடக்கே கிளம்பினோம். அடுத்த மழைக்குத் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரில் எலி குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

அதோடு மறந்தாயிற்று.

போன தடவை சத்தீஸ்கரில் ஒரு காட்டில் போர் ஓடியது. ராடு மாட்டுகிறவர் ஒடிசாக்காரர். நல்ல வேலைக்காரர். ராடு மாட்டும் நேரம், துளைக்குள் கம்ப்ரசர் அடிக்கிற காற்றை நிறுத்தியிருந்தார்கள். வண்டி சும்மா உறுமிக்கொண்டிருந்தது. ஒடிசாக்காரரின் கையுறை ராடில் சிக்கிவிட்டது. நான் என் லாரி மேல் நின்றிருந்தேன். அவர் வாய் பெரிதாகத் திறந்ததைப் பார்த்தேன். கத்துகிறார் என்று தெரிந்தது. மச்சான் லீவரை விடவில்லை. ராடு சுற்றுகிறது. என் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. மச்சானின் காலுக்குப் பக்கத்தில் வீசினேன். துள்ளிக் குதித்தார். லீவரை விட்டார், ராடு நின்றது.

கையுறை போனது. கை தப்பியது.

ஒடிசாக்காரர் அன்று சாப்பிடவில்லை. உட்கார்ந்து விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்று மச்சான் எல்லாரிடமும் சொன்னார். கம்ப்ரசர் அப்போது காற்று விடவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

டிரில்லருக்குக் காதுதான் தொழில். கீழே பாறை மாறினால் அடி விழுகிற சத்தம் மாறும். அதைக் கேட்டு லீவரைப் பிடிக்க வேண்டும். காது போனவரை ஓனர் லீவரில் நிறுத்த மாட்டார். ராடு தூக்குகிற வயசும் மச்சானுக்குத் தாண்டிவிட்டது. லீவரை விட்டால் அவருக்கு வண்டியில் இடம் இல்லை. அவருக்கே தெரியும். அதனால் காது கேட்கிறது என்றார். மழை விட்டதும் வண்டி திரும்பக் கிளம்பும். அதே லீவர், அதே ஒடிசாக்காரர். அடுத்த முறை என் கையில் ஸ்பேனர் இருக்குமோ என்னவோ.

விஷயம் எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்தாள். வண்டி கிளம்புமுன் காது டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள்.

"நீ சொல்லு சாமி. நான் சொன்னா டிவி சத்தத்தக் கூட்டி வெக்கறாரு."

எனக்குப் பேச வராது. ஆனாலும் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது.

மச்சான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அக்கா மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவன் பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருக்கிறான். பழைய கேமையெல்லாம் இப்போது மறுபடி விற்கிறார்களாம். எங்கள் கேமையும் தேடிப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"வாங்க மாப்ளே. நம்ம பகையாளிகளெல்லாம் உசுரோட இருக்கறாங்க," என்றார்.

உட்கார்ந்தேன். விளையாடினோம்.

கேம் கிழடாகியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராணி வருவாள். அவள் வந்தால் மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். இப்போது பார்த்தால் சோப்புக் கட்டியில் செதுக்கினது போல இருந்தாள். வாய் ஒரு பக்கம் போனது, பேச்சு ஒரு பக்கம் போனது. கப்பல் இறங்கினால் பாதி மண்ணுக்குள் புதைந்தது. கூட வருகிற சிப்பாய் கதவை விட்டுவிட்டுச் சுவர் வழியாக வந்தான். கடைக்காரன் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். முதல் பதிலையே அமுக்கினோம். படை வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் மண்ணை விட்டு எழும்பும்போது வானம் வெளுப்பிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து கறுப்பாகும். கிரகம் கீழே சின்னதாகிக்கொண்டே போகும். அந்த இடத்தில் அப்போதும் பேச மாட்டோம். இப்போதும் பேசவில்லை. அதை மட்டும் யாரோ ஒருவர் முழுதாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

நடுநடுவே சொல்ல வந்ததைச் சொல்லப் பார்த்தேன். சேலத்தில் நல்ல காது டாக்டர் இருக்கிறாராம் என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து எதிரிக் கப்பல் வந்தது. அதை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். டீ வந்தது. கடைசியில் சுற்றாமல் சொன்னேன்.

"ஒடிசாக்காரரு கை போயிருக்குமுங்க மச்சான்."

அவர் திரும்பவில்லை. "போகலியல்ல," என்றார்.

"காதை ஒருக்காப் பாத்துட்டு வந்தரலாமுங்க."

"என்ற காதுக்கு என்னுங்க? இப்ப நீங்க சொன்னது கேட்டுச்சில்ல?"

கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்கிறது.  திரையைப் பார்த்தேன்.

சிவப்புக் கிரகம் வந்தது. சுரங்கம். இந்த முறை ஸ்பீக்கர் இருந்தது. சத்தத்தை முழுக்க வைத்தோம். காலடி கேட்டது. பாட்டுக் கேட்டது. பாறை உருள்வது தொம் தொம் என்று கேட்டது. நடந்தோம். நடுவழியில் ஆள் விழுந்து செத்தான்.

அதே இடம். மறுபடி போனோம். செத்தான். மச்சான் ஓட்டினார், செத்தான். நான் ஓட்டினேன், செத்தான். சிடி டூப்ளிகேட் என்று அப்போது விட்டோம். இது காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல். அப்படியானால் செய்தவனே தவறாகச் செய்திருக்கிறான். ஒரு விவரமும் சொல்லாமல் ஒருவனைச் சாகடிப்பது என்ன நியாயம் என்று மச்சான் கேட்டார். சாகப்போகிறான் என்றால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அவன் பரம்பரையைத் திட்டினோம்.

சமையல்கட்டிலிருந்து அக்கா வந்தாள். கையெல்லாம் மாவு.

"ஏனுங்க, அந்தப் பொட்டிய நிறுத்துங்க. அப்பப் புடிச்சுக் கீ கீன்னு கத்தீட்டுக் கெடக்குது. காது கிழியுது."

"எது கத்துது?" என்றார் மச்சான்.

"இதுதானுங்க. இதா, இப்பக்கோடக் கத்துதே."

மச்சான் லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காதைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேலேயே வைத்தேன். பாட்டுக் கேட்டது. காலடி கேட்டது. கீ இல்லை.

"பொய் சொல்றா," என்றார்.

"நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? அடுப்படி வரைக்கும் கேக்குது. பக்கத்தூட்டு நாயி கோடக் கொலைக்குது."

நாய் குரைப்பது கேட்டது. அது நிஜம்.

 மச்சான் அக்காவைத் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கத்தும்போதெல்லாம் தோளில் தட்டு என்றார். சுரங்கத்துக்குள் மறுபடி போனோம். கொஞ்ச தூரம் நடந்ததும் அக்கா தட்டினாள். விட்டு விட்டுத் தட்டினாள். பிறகு வேகமாகத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். ஆள் விழுந்து செத்தான்.

அப்போதுதான் விளங்கியது. உடுப்பில் காற்று தீர்ந்திருக்கிறது. தீரப்போகிறது என்று பெட்டி அத்தனை நேரமும் கத்தியிருக்கிறது. சுரங்கச் சுவரில் அங்கங்கே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் என்று நினைத்திருந்தோம். காற்று பிடித்துக்கொள்கிற குழாய். வாழ்நாள் முழுக்கக் கம்ப்ரசரோடு கிடக்கிற இரண்டு பேருக்கு அது தெரியவில்லை.

அடுத்த முறை அக்கா தட்டத் தட்ட மச்சான் ஓட்டினார். தட்டினால் குழாய்க்கு ஓடினோம். காற்றுப் பிடித்தோம். நடந்தோம். தட்டினாள். ஓடினோம். மச்சான் சட்டை முழுக்க மாவு. சுரங்கத்தின் முடிவுக்கு வந்தோம். பெரிய கதவு. திறந்தது. உள்ளே கறுப்பு. தரையே போடவில்லை. ஆள் காலை வைத்தான், விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். கட்டி முடிக்காமல் விட்ட அறை.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுக்குத்தான் அன்னைக்கு ரண்டு பேரும் சோறு தண்ணியில்லாம உக்காந்திருந்தீங்களா?" என்றாள். கை கழுவப் போய்விட்டாள்.

ஆள் விழுந்துகொண்டிருந்தான். மச்சான் லேப்டாப்பை மூடினார்.

"மாப்ளே, உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஒண்ணுமே?"

"மழை கேட்டுச்சுங்க."

"மழை எனக்குந்தான் கேட்டுது." லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப ரோட்ல ஆரன் அடிச்சாக் கேக்குதுங்களா?" என்றார்.

"கண்ணாடி பாத்து ஓட்டறனுங்க."

"அடப் பாவி," என்றார். "இவரு என்ற காதப் பத்திப் பேச வந்திருக்கறாரு." சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தீஸ்கரில் ஒடிசாக்காரர் கத்தியது எனக்கும் கேட்கவில்லை. வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

சிரிப்பு நின்றதும், "காலைல முதல் பஸ்சுக்கே போயரலாம்," என்றார். தான் ஒருவனே என்றால் அவர் வந்திருக்க மாட்டார்.

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். வெளியே ஒரு பெண் மிஷினில் சத்தம் விடும். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் மச்சான் போனார். உட்கார்ந்ததிலிருந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தது.

"ஐயா, நான் இன்னும் சத்தமே விடலீங்க."

"அப்படீங்களா," என்றார். "நீங்க விடறப்ப இருக்கட்டும்னு முன்னாடியே அமுக்கறனுங்க."

பாஸ் ஆக வேண்டும் என்று பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இந்த ஆட்களைப் பழக்கம் போலிருக்கிறது. ரிக்கா என்று கேட்டது. ஆமாம் என்றோம். திரும்ப முதலிலிருந்து வைத்தது. அப்புறம் நான் போனேன். பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். தொடங்கவில்லை என்று நினைத்தேன். முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் கதவைத் திறந்தது.

இரண்டு பேருக்கும் மேல் சத்தம் போய்விட்டது என்றார் டாக்டர். கீ என்பது, விசில், பெண்கள் குரலில் பாதி. கம்ப்ரசர் தின்றுவிட்டது. போனது வராது. காதில் மிஷின் வைத்தால் இருக்கிறதை வைத்து ஓட்டலாம். வண்டிப் பக்கம் நின்றால் காதை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பத்து வருஷம் முன்பே வந்திருக்கலாமே என்றார். பத்து வருஷம் முன்பு நன்றாகக் கேட்டது, எதற்கு வருவது என்றார் மச்சான். டாக்டர் மிஷினுக்குச் சீட்டு எழுதினார்.

வெளியே வரும்போது யாருக்கு மார்க் அதிகம் என்று மச்சான் அந்தப் பெண்ணிடம் கேட்டார். என் இடது காதுதான் எல்லாவற்றிலும் கடைசி. பஸ் ஸ்டாண்டு வரை அந்தச் சந்தோஷத்திலேயே நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் சங்ககிரி பஸ் வரவில்லை. நின்றோம். கூட்டம். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு வாயத் தொறந்தது எனக்குத் தெரிஞ்சுதுங்க மாப்ளே."

"யாருங்க?"

"ஒடிசாக்காரரு. பாத்தேன். சிரிக்கறாருன்னு நெனச்சுட்டேன்."

 அவர் போனை எடுத்தார். ஓனருக்குப் போட்டார். காதில் வைத்தால் சரிப்படாது என்று ஸ்பீக்கரில் வைத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்தது போலிருந்தது.

"ஏனுங்க, நான்தானுங்க. எனக்குக் காது கேக்கறதில்லீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ.

"காதுங்க! காது கேக்கறதில்லீங்க! டாக்டரு பாத்துட்டாரு! லீவர் புடிக்கறது ஆகாதுங்க! அந்த ஒடிசாக்காரரு கை போகப் பாத்துது, அது என்ற தப்புத்தானுங்க! மாப்ளைக்கும் கேக்கறதில்லீங்க!"

என்னை எதற்கு இழுத்தார் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இத்தனை மாதம் மறைத்து வைத்ததை அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று.

போன் பேசியது. ஆள் பேசுவது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் பையோடு நாமக்கல் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் போனை அவர் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா."

அந்த அம்மா குனிந்து கேட்டார். "லீவருக்கு வேற ஆளு போடறாராமுங்க," என்றார்.

மச்சான் தலையை ஆட்டினார்.

"நீங்க வண்டியோட வரோணுமாம். பக்கத்துல நின்னு மேல வார மண்ணப் பாத்துப் புது ஆளுக்குச் சொல்லோணுமாம். காதுல மிஷின் வெச்சுட்டுத்தான் வரோணுமாம்."

"கோவமாச் சொன்னாருங்களா?"

"கத்தித்தான் சொன்னாருங்க. நீங்க கத்துனீங்க, அதுனால அவரும் கத்துனாரு."

அந்த அம்மாவின் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. மச்சான் அதை வாய்ப் பக்கம் கொண்டுபோய், "சரிங்க, சரிங்க, அப்படியே ஆகட்டுமுங்க," என்றார். வைத்துவிட்டார்.

எதற்குச் சரி சொன்னீர்கள் என்று கேட்டேன்.

தெரியவில்லை என்றார்.